மாற்றுத் தலை

திருடர்கள் ஸ்டீல் ஹெரானை எடுத்துப்போகவில்லை.
பதினான்கு கிலோ. பாலிஸ்டோன்.
கேட் வரைக்கும் இழுத்து வந்திருக்கிறார்கள்,
மூச்சு வாங்கியிருக்கும்,
சாலையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

விடியற்காலையில் எதிர்வீட்டு யோகவள்ளி
எவனோ பதுங்கி நிற்கிறான் என்று
காவல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.
நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள்,
துப்பாக்கியும் கையுமாக,
இரண்டடி மனிதன்மேல் டார்ச் அடித்தார்கள்.
அவன் அசையவில்லை.
உலகத்தை ஏழு முறை காப்பாற்றியவன்,
எங்கள் மைக்ரோவேவை விட்டுவிட்டான்.

நாங்கள் மாரிட்ஸ்பர்க்கில், மச்சினி கல்யாணத்தில்.
டி.வி. போயிற்று, தையல் மெஷின் போயிற்று,
ஃப்ரீசரிலிருந்த ஆட்டுக்கறி போயிற்று.
எல்லாவற்றையும் எதில் அள்ளினார்கள் தெரியுமா,
அவன் வந்த பெட்டியில்.

மூன்று வருடம் அந்தப் பெட்டிக்கு
ஈரம் படாமல், வெயில் படாமல்,
சாட்ஸ்வொர்த் குரங்குகளின் கை படாமல்
பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பார்த்துக்கொண்டேன்.
அறுநூறில் இருநூற்றுப் பதினெட்டு என்று
அதன்மேல் அச்சடித்திருக்கும்.
உள்ளே, நுரைக் குழியில்,
அவனுடைய இன்னொரு தலை.

முகமூடி இல்லாத தலை அது.
இடது புருவத்தில் ஒரு வெட்டு,
இரண்டு நாள் தாடி,
சம்பளம் வராத மாசக் கடைசியின் கண்கள்.
ஒரே ஒருமுறை மாட்டிப் பார்த்தேன்.
"முனிசிபாலிட்டியில இருந்தாரே உங்க சித்தப்பா,
அச்சு அசல்," என்றாள் நிர்வஷ்னி.
கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் பெண் போனில் கேட்டாள்:
பொம்மையா சார்?
சிலை.
சாமியா?
இல்லை.
அப்ப பொம்மைன்னே போட்டுக்கறேன்.
தலை மட்டும் களவு போனதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

நான் பேனல் பீட்டர். நொறுங்கி வந்த கொரோலாவுக்கு
மூன்று நாளில் மூஞ்சி எடுத்துக் கொடுப்பவன்.
இழுத்ததில் சிறகு நுனி பெயர்ந்திருந்தது.
கைவைத்தால் மதிப்புப் போச்சு என்பார்கள் சேகரிப்பவர்கள்,
பெட்டி போனாலே பாதி போச்சு என்பார்கள்.
போனதெல்லாம் போன பிறகு
ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டி குழைத்தேன்,
தேய்த்தேன்,
யாருடைய வண்டிக்கோ அடித்து மிஞ்சிய
வெள்ளி நிறத்தைப் பூசினேன்.
வெயிலில் பார்த்தால் தெரியும். எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு டாக்ஸி வந்தது,
பதினாறு பேர் ஏறுகிற வெள்ளை வேன்,
தள்ளுகதவு நசுங்கி.
ஓட்டுநர் மத்தோகோசிசி சாவியை எறிந்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.
ஷெட்டுக்குள் ஏற்றலாம் என்று உட்கார்ந்து
கியரில் கை வைத்தேன்.

கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புருவம்.
அதில் ஒரு வெட்டு.

மூக்கில் சாயம் போய்விட்டது.
நெற்றி, எத்தனை உள்ளங்கை பட்டதோ,
கோயில் படிபோல வழவழத்திருந்தது.
கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன்,
இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

வார்விக் சந்தை, இருபது ரேண்ட், என்றான்
டீயோடு திரும்பி வந்தவன்.
பழைய குமிழ் வெயிலில் சுடும்.
இவர் வந்ததிலிருந்து
மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கறதில்லை.
ஏறுகிற சனங்கள் பேர்கூட வைத்திருக்கிறார்கள்,
மலுமே.

மலுமே என்றால் ஜூலுவில் தாய்மாமன்.

சொல்லியிருக்கலாம். ரசீது இருக்கிறது.
உடம்பு என் வீட்டில் நிற்கிறது என்றிருக்கலாம்.
"கழுத்து ஆடுது," என்றேன்.
ஆடியது. யாரோ அவசரத்தில் துளைபோட்டு
எபாக்ஸியைக் கண்டபடி ஊற்றியிருந்தார்கள்,
தொழில் தெரியாதவன் வேலை.
சுரண்டி எடுத்து, திருகு வெட்டி,
நேராக முன்னால் பார்க்கும்படி வைத்து இறுக்கினேன்.
பில்லில் கதவுக்கு மட்டும் எழுதினேன்.

மறுநாள் மாலை வண்டியை எடுத்துப்போனான்.
முக்கிலேயே நாலு பேர் ஏறினார்கள்,
சில்லறை கைமாறிக் கைமாறி முன்னால் போயிற்று.
ஒன்று. இரண்டு.
மேட்டில் மூன்றாவது விழுகிற சத்தம் கேட்கிறதா என்று
ஸ்பானரோடு வாசலில் நின்றேன்.

விழுந்தது.